கிளட்ச் மட்டும் கிடையாதுங்க!

கார் வாங்குகிற அன்று மனிதனுக்குப் புத்தி சற்று மந்தமாகத்தான் வேலை செய்யும். காருக்கு மாலை, நமக்கு ஒரு பூங்கொத்து, கையில் இரண்டடி நீளத்துக்கு ஓர் அட்டைச் சாவி, எதிரே போட்டோ பிடிக்க ஒரு பையன். அந்த நேரத்தில் ‘இங்க ஒரு கையெழுத்து சார்’ என்று எதை நீட்டினாலும் போட்டுவிடுவோம். இதற்கு முன்னால் இப்படி ஒரு கேள்வியும் கேட்காமல் நான் கையெழுத்துப் போட்டது கல்யாண ரிஜிஸ்தரில்தான். அதைப் பற்றி எழுதினால் வீட்டில் சாப்பாடு கிடைக்காது. ஆகவே, காரைப் பற்றி.

2021, ஆவணி மாதம். சேலத்தில் ஒரு ஷோரூம். (எந்தக் கம்பெனி கார் என்று சொல்லமாட்டேன். கேஸ் போடுவார்கள் என்ற பயம் இல்லை. இன்னும் இ.எம்.ஐ. பாக்கி இருக்கிறது, வண்டியின் மனம் புண்படக் கூடாது!)

அடியேன் ஒரு தனியார் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் குப்பை கொட்டுகிறவன். அடுத்தவர் வவுச்சரில் பத்து ரூபாய் இடித்தாலும் மூக்கில் வியர்த்துவிடும். அப்பேர்ப்பட்டவன் முன்னால் சேல்ஸ்மேன் தம்பி ஒரு பேப்பரை விரித்தார்.

“சார், கம்பெனி வாரண்ட்டி ரெண்டு வருஷம்தான். அதுக்கப்புறம் எது போனாலும் நம்ம கைக்காசு. எக்ஸ்டெண்டட் வாரண்ட்டி போட்டுட்டீங்கன்னா இன்னும் மூணு வருஷம். மொத்தம் அஞ்சு வருஷம் நிம்மதியாத் தூங்கலாம் சார்.”

“எல்லாமே கவர் ஆகுமா தம்பி?”

“ஏ டு இசட் சார்!”

இசட் வரைக்கும் போன தம்பி நடுவில் ‘சி’யை மட்டும் தாண்டிவிட்டார். கிளட்சுக்கு முதல் எழுத்து அதுதான். அது எனக்குப் புரிய மூன்று வருஷமும் நாற்பத்து மூன்று வளைவுகளும் ஆயின.

18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு பதினாலாயிரத்துச் சொச்சம். “லோன்லயே சேர்த்துடலாம் சார்” என்றார். ஏழு வருஷ லோனில் பதினாலாயிரம் பணமாகவே தெரியாது. சமுத்திரத்தில் ஒரு சொம்புத் தண்ணி. போட்டேன் கையெழுத்து.

என் அப்பா அந்தச் சமயம் வெளியே நின்று புது வண்டியின் டயரைக் காலால் உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்து வளர்ந்தது நாமக்கல். முப்பத்து நாலு வருஷம் லாரி ஓட்டியவர். நாமக்கல்லில் வெளியூர்க்காரர்கள் கோட்டையையும் பதினெட்டடி ஆஞ்சநேயரையும் பார்ப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் லாரியைப் பார்ப்பார்கள். வெறும் சேஸிஸாக வந்து இறங்கும் வண்டி, பாடி கட்டி, பெயின்ட் அடித்து, கண்ணு படாமலிருக்கக் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு இந்தியா முழுக்கப் போகும். அந்த ஊர்க்காரரிடம் போய் வாரண்ட்டியைப் பற்றிச் சொன்னேன்.

“எவ்வளவுடா?”

சொன்னேன்.

“எங்க காலத்துல வாரண்ட்டின்னா ஒரு ஸ்டெப்னி, ஒரு கிளீனர். ரெண்டும் பின்னாடியே வரும்” என்றார். அப்புறம் கையை நீட்டினார். “அந்தப் பேப்பரைக் கொடு, நான் வெச்சுக்கிறேன்.”

கொடுத்துவிட்டேன். மறந்தும்விட்டேன்.

* * *

அடுத்த காட்சி 2024 ஆகஸ்ட். ஆடிப்பெருக்குக்கு அடுத்த சனிக்கிழமை. கொல்லிமலை அரப்பளீஸ்வரருக்கு ஏதோ வேண்டுதல் என்று என் மனைவி ஆரம்பிக்க, மனைவி, பையன், அப்பா, நான் என்று நாலு பேர் கிளம்பினோம். ராசிபுரம் தாண்டி அடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் நான்தான் உலகத்திலேயே சிறந்த டிரைவர். ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் முறுக்கு.

காரவள்ளியில் மலைப்பாதை ஆரம்பிக்கிறது. கொல்லிமலைக்குப் போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் எழுபது. எழுபதையும் எண்ணி நம்பர் போட்டிருக்கிறார்கள். ஏறி முடித்தால் ஆயிரம் மீட்டருக்கு மேல். மேலே செம்மேடு, சோளக்காடு, மிளகுக் கொடி, பலா, அன்னாசி, ஆகாய கங்கை அருவி என்று சொர்க்கம் இருக்கிறது. ஆனால் சொர்க்கத்துக்கு முன்னால் எழுபது கணக்குப் பரீட்சை!

முதல் இருபது வளைவுகள் பையன் உற்சாகமாக எண்ணினான். முப்பதில் வாந்தி எடுத்தான். முப்பத்தைந்துக்கு மேல் ஒரு வேன் எனக்கு முன்னால் முக்கிக்கொண்டு போனது. அது நின்றால் நான் நிற்க, அது நகர்ந்தால் நான் நகர... நிற்கும்போது பிரேக் பிடிக்காமல், பாதி கிளட்சிலேயே வண்டியை ஏற்றத்தில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். சேலம் நாலு ரோட்டில் சிக்னலுக்குச் சிக்னல் செய்து பழகிய வித்தை. பின் சீட்டிலிருந்து அப்பா இரண்டு தடவை சொன்னார்.

“கிளட்ச்ல காலை வெச்சுக்கிட்டே ஓட்டாதடா.”

“இது லாரி இல்லப்பா.”

நாற்பத்து மூன்றாவது வளைவு. முதலில் ஒரு வாசனை. யாரோ ரப்பர் செருப்பை அடுப்பில் போட்ட மாதிரி. “முன்னாடி போற வேன்தான்” என்றேன். வேன் போய்விட்டது, வாசனை போகவில்லை. அப்புறம் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் ‘ஙொய்ய்ய்’ என்று கத்துகிறது, வண்டி மட்டும் நகர மறுக்கிறது. என் மேனேஜர் மாதிரி. பானெட் ஓரத்தில் லேசாகப் புகை.

வல்வில் ஓரி ஆண்ட மலை இது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் வீழ்த்தினான் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். நானும் சளைத்தவனில்லை. ஒரே வளைவில் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், சனிக்கிழமை, சுவாமி தரிசனம், மனைவி முன்னால் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதை என்று ஐந்தையும் வீழ்த்தினேன்!

மேலே ஏறிய பஸ் ஒன்று ஒதுங்கிப் போனது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, “ஏனுங்க, மலையிலேயே சமையலா?” என்று கேட்டுவிட்டு, செம்மேட்டில் ஒரு மெக்கானிக்கிடம் சொல்லி அனுப்புவதாக விசில் கொடுத்தார். நல்ல மனிதர். முக்கால் மணி நேரத்தில் மெக்கானிக் டூவீலரில் வந்து இறங்கினார். இருபத்தைந்து வயசு இருக்கும். மூக்கை உறிஞ்சினார். அவ்வளவுதான் பரிசோதனை.

“பிளேட் வெந்துருச்சுங்ணா.”

எனக்கோ உள்ளே ஒரு ரகசியச் சந்தோஷம். “பரவாயில்லை, எக்ஸ்டெண்டட் வாரண்ட்டி இருக்கு!” என்றேன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. மெக்கானிக் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பரிதாபம் இருந்தது. அப்போது எனக்கு அது பொறாமையாகப் பட்டது.

மேலே போக முடியாது. கீழே எப்படிப் போவது? அப்பா முன்சீட்டுக் கதவைத் திறந்தார்.

“இறங்குடா.”

அப்பாவுக்கு அப்போது எழுபத்தொண்ணு. ஸ்டியரிங்கைத் தொட்டு அஞ்சு வருஷம் இருக்கும். ஆனால் லைசென்ஸை மட்டும் புதுப்பித்து, விபூதிப் பொட்டலம் மாதிரி பர்ஸிலேயே வைத்திருப்பார்.

“ஏத்தத்துக்குத்தான் பிளேட்டுல பிடி வேணும். சூடு ஆறியிருக்கு. முதல் கியர்ல போட்டு மெதுவா விட்டா இறக்கத்துக்குத் தாங்கும்” என்றார். மெக்கானிக் தலையாட்டினார். மனைவியையும் பையனையும் அடுத்து வந்த கீழ்ப் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். முன்னால் மெக்கானிக்கின் டூவீலர், பின்னால் நாங்கள் இரண்டு பேர்.

நாற்பத்து மூன்று வளைவு. ஓர் இடத்தில்கூட அவர் அவசரப்படவில்லை. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, ஹாரன் கொடுத்து, ஏறி வருகிற வண்டிக்கு வழி விட்டு... (மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. இது சட்டத்திலேயே இருக்கிறது. எனக்கு அன்றுதான் தெரியும்.) பிரேக்கை விட்டு விட்டு மிதித்தார், வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது கியர்தான். தொப்பூர் கணவாயிலும் பம்பாய்ப் பக்கத்துக் கசாரா காட்டிலும் பத்து டன் லோடோடு இறங்கியவருக்கு இது தூசு. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை.

காரவள்ளியில் வண்டியை ஓரம் கட்டி இறங்கியபோதுதான் கவனித்தேன். அப்பாவால் இடது காலைச் சட்டென்று ஊன்ற முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

“என்னப்பா?”

“ஒண்ணுமில்ல. நீ வண்டியைப் பாரு.”

* * *

கம்பெனியின் இழுவை வண்டி வந்து காரை நாமக்கல்லில் இருக்கும் ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனது. திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன். அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கம்ப்யூட்டரில் தட்டினார். சிரித்தார்.

கொல்லிமலையில் கொல்லிப்பாவை என்று ஒரு தெய்வம். சிரித்தே மயக்கி ஆளைக் கொல்லும் என்பார்கள். அது மலை மேல்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சர்வீஸ் சென்டருக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது!

“எக்ஸ்டெண்டட் வாரண்ட்டி இருக்குதுங்க சார். எல்லாமே கவர் ஆகும். கிளட்ச் மட்டும் கிடையாதுங்க.”

அரை மணி நேரம் கத்தினேன். ஏ டு இசட் என்றேன். நுகர்வோர் கோர்ட் என்றேன். அவர் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். மூன்று வருஷம் முன்னால் நான் கையெழுத்துப் போட்ட அதே திட்டத்தின் புத்தகம். முதல் பக்கத்தில் சிரிக்கும் ஒரு குடும்பம். கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்கிற எழுத்தில், எதெல்லாம் கிடையாது என்ற பட்டியல்.

கிளட்ச் பிளேட், பிரேக் பேட், வைப்பர், பல்பு, ஃப்யூஸ், ஃபில்டர், பெல்ட், ரப்பர் சாமான்கள்... தேய்கிற எதுவும் கிடையாது. டயருக்கும் பேட்டரிக்கும் அதைச் செய்த கம்பெனியைத்தான் கேட்க வேண்டும். ஓட்டுகிறவன் தப்பால் கெட்டது கிடையாது. அங்கீகாரம் இல்லாத இடத்தில் ஒயரை வெட்டி லைட், ஹாரன் மாட்டினால், அதனால் வரும் கோளாறு கிடையாது. எலி ஒயரைக் கடித்தால் கிடையாது. வெள்ளத்தில் இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் கிடையாது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாரண்ட்டி என்பது, வண்டி பிறக்கும்போதே அதன் உடம்பில் இருந்த குறைக்கு, செய்தவன் கொடுக்கும் உத்தரவாதம். வெளியிலிருந்து வருகிற ஆபத்துக்கு - மோதல், எலி, வெள்ளம் - இன்ஷூரன்ஸ். (அதிலும் 2015 சென்னை வெள்ளத்தில் இன்ஜின் போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: சாதாரண பாலிசியில் அதற்கும் கையை விரிப்பார்கள், இன்ஜினுக்குத் தனியாக ஒரு கவர் போட வேண்டும்.) இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்று உண்டு. நம் காலால் நாம் தேய்ப்பது. அதற்கு நம் பர்ஸ்தான்.

கிளட்ச் பிளேட் என்பது, இன்ஜின் சுற்றுவதை கியர் பாக்ஸுக்குக் கொடுக்கிற ஒரு கைகுலுக்கல். பிடித்தால் முழுசாகப் பிடிக்க வேண்டும். விட்டால் முழுசாக விட வேண்டும். பாதியில் வைத்துக்கொண்டே இருந்தால் இரண்டும் உரசி உரசிச் சூடேறி, வெந்துவிடும். ஏற்றத்தில் நிற்க வேண்டுமானால் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தி, முதல் கியர் போட்டு, வண்டி முன்னால் இழுக்கத் தொடங்கும்போது ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். டிரைவிங் ஸ்கூலில் முதல் வாரம் சொல்லித் தருவது. எனக்கு அந்தப் பாடத்தின் ஃபீஸ் 16,400 ரூபாய்.

பணம் கட்டும்போது அப்பா குறுக்கே வந்தார். “வருஷ சர்வீஸ் எப்போ?”

“அடுத்த வாரம். சேலத்துல விட்டுக்கலாம்ப்பா.”

“வந்ததுதான் வந்தாச்சு. இங்கேயே பண்ணிடு. பில்லுல சீல் வாங்கு.”

எனக்கு இருந்த எரிச்சலில், எதையாவது பண்ணித் தொலையுங்கள் என்று சொல்லிவிட்டேன். பில்லை வாங்கி அப்பா மடித்து வைத்துக்கொண்டார்.

* * *

அன்று ராத்திரி முடிவு கட்டினேன்: எக்ஸ்டெண்டட் வாரண்ட்டி என்பது சுத்த ஏமாற்று. ஆபீஸில் கார் வாங்குகிற ஒவ்வொருவனிடமும் சொன்னேன். அமெரிக்காவில் இருக்கும் சிநேகிதன் இன்னும் தூபம் போட்டான். அங்கே ‘உங்கள் கார் வாரண்ட்டி முடியப் போகிறது’ என்று ரெக்கார்டு செய்த குரலில் நாள் முழுக்க போன் வருமாம். காரே இல்லாதவனுக்கும் வருமாம்! தொல்லை தாங்காமல், 2022 ஜூலையில் அங்கத்திய தகவல் தொடர்பு ஆணையம், இந்த அழைப்புகளை மறியுங்கள் என்று போன் கம்பெனிகளுக்கே உத்தரவு போட்டது. ‘பார்த்தியா, உலகம் பூரா ஃப்ராடு’ என்று நெஞ்சு நிமிர்ந்தேன்.

2025 கார்த்திகை. அடைமழை. ஆபீஸிலிருந்து வரும்போது ஸ்டியரிங்குக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. திருப்பினால் ஆட்டுக்கல்லைச் சுற்றுகிற மாதிரி கனம். சேலம் சர்வீஸ் சென்டரில் விட்டேன். எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங். அதன் மோட்டாரும் கம்ப்யூட்டரும் ஒரே செட்டாம். ரிப்பேர் என்ற பேச்சே இல்லை. கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு. எஸ்டிமேட் 46,000 ரூபாய்.

எனக்கு அந்த மாதம் இருபதாம் தேதி பேங்க்கில் இருந்த தொகையைச் சொன்னால் நீங்களே மணியார்டர் அனுப்புவீர்கள்.

எக்ஸ்டெண்டட் வாரண்ட்டி ஞாபகம் வந்தது. திட்டி வைத்த சாமியிடமே போய் நிற்கிற மாதிரி வெட்கத்தோடு கேட்டேன்.

“ஸ்டியரிங் கவர் ஆகுதுங்க. ஆனா மூணாவது வருஷ சர்வீஸ் எங்க சிஸ்டத்துல காட்டலையே சார்? ஒரு சர்வீஸ் விட்டுப்போனாலும் வாரண்ட்டி செல்லாதுங்க.”

“நாமக்கல்ல பண்ணினேன் சார்!”

“அது வேற டீலருங்க. எங்களுக்கு வரல. பில் இருக்குங்களா?”

பில்! கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை எட்டு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று ஆபீஸில் எல்லோருக்கும் பாடம் எடுப்பவன் நான். என் சொந்த பில் எதுவும் எட்டு நாள் தாங்கியதில்லை. மெயிலில் தேடினேன், போனில் தேடினேன், காருக்குள் தேடினேன். முறுக்குத் தூள்தான் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து இடிந்து உட்கார்ந்தேன். அப்பா விஷயத்தைக் கேட்டார். எழுந்து உள்ளே போய் ஒரு மஞ்சப் பையோடு வந்தார். உள்ளே பிளாஸ்டிக் கவரில், வருஷ வாரியாக, நூல் போட்டுக் கட்டி... ஷோரூமில் என்னிடமிருந்து வாங்கிய வாரண்ட்டிப் பேப்பர். முதல் சர்வீஸ் பில். இரண்டாவது. மூன்றாவது, நாமக்கல் சீலோடு. அந்தக் கிளட்ச் பில்கூட இருந்தது.

“நாலு ஸ்டேட் தாண்டுற லாரிக்காரனுக்குப் பேப்பர்தான்டா உசுரு. பர்மிட், எஃப்.சி., இன்ஷூரன்ஸ்... ஒரு செக்போஸ்ட்ல ஒண்ணு இல்லேன்னாலும் லோடு அங்கேயே அழுகிப்போகும்” என்றார்.

மூன்று நாளில் க்ளெய்ம் பாஸாகி வந்தது. 46,000 ரூபாய் ஸ்டியரிங்குக்கு நான் கட்டியது, நட்டு, போல்ட்டு, துடைக்கிற துணி வகையறாவுக்கு 312 ரூபாய்!

* * *

எனவே, கார் வாங்கப் போகும் ஆபீஸ் நண்பர்களே, பதினாறாயிரம் தண்டம் கட்டித் தெரிந்துகொண்டதை இலவசமாகத் தருகிறேன்.

முதலில், இந்த எக்ஸ்டெண்டட் வாரண்ட்டி வேண்டுமா? அம்பாசடர், பத்மினி காலத்தில் வேண்டியதில்லை. எந்த ஊர் ஆலமரத்தடியிலும் ஒரு ஸ்பானர் செட்டும் ஒரு மெக்கானிக்கும் உண்டு. கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினால் வண்டி ஓடும். இன்றைய காரில் பாதி சாமான் எலெக்ட்ரானிக்ஸ். போனால் மொத்த செட்டும் மாற்ற வேண்டும். அந்தப் பெரிய செலவுக்குத்தான் இது. அதே சமயம் விற்கிறவர் தர்ம ஸ்தாபனம் நடத்தவில்லை; எல்லோரிடமும் வாங்குவதைவிடக் குறைவாகக் கொடுப்பதால்தான் கடை நடக்கிறது. ஆகவே கணக்கு எளிது. ஒரே மாதத்தில் நாற்பது ஐம்பதாயிரம் போனாலும் அசையாத ஆசாமி என்றால் வேண்டாம். மூன்று வருஷத்தில் வண்டியை விற்றுவிடுகிறவருக்கும் வேண்டாம். இப்போது கம்பெனிகளே நீட்டிக்கொண்டு வருகின்றன. மாருதி 2024 ஜூலையில், அதுவரை 2 வருஷம் அல்லது 40,000 கிலோமீட்டர் என்று இருந்ததை 3 வருஷம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் ஆக்கியது. என்னைப் போல ஏழு வருஷ லோன், இருபதாம் தேதி வறட்சி என்று வாழ்கிறவர்கள் வாங்கலாம்.

வாங்கினால், புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். ‘என்னென்ன உண்டு’ என்று கேட்காதீர்கள். ‘என்னென்ன கிடையாது’ என்று கேளுங்கள். தம்பி எச்சில் விழுங்குகிற இடத்தில் பேனாவை மூடி வையுங்கள்.

வருஷம், கிலோமீட்டர் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதோடு முடிந்தது. வருஷத்துக்கு முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிற மெடிக்கல் ரெப்புக்கு, 1 லட்சம் கிலோமீட்டர் என்று எழுதிய ஐந்து வருஷ வாரண்ட்டி நாலாவது வருஷத்திலேயே காலமாகிவிடும்.

கொடுப்பது கார் கம்பெனியேவா, வேறொரு கம்பெனியா என்று பாருங்கள். வேறு கம்பெனி என்றால் எந்த ஊர் ஒர்க்ஷாப்பில் செல்லும் என்றும் கேளுங்கள். கார் வாங்குகிற அன்றே போட்டாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பொதுவாக, முதல் வாரண்ட்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் போடலாம். ஆனால் தள்ளிப்போடப் போட விலை ஏறும். வண்டியை விற்றால் வாங்குகிறவர் பெயருக்கு மாற்றலாமா என்பதையும் கேட்டு வையுங்கள். பேரம் பேச உதவும்.

நியாயமான க்ளெய்மை மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். வாய்ச்சொல் காற்றோடு போகும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்கவில்லையென்றால் 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் மனுப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணமே இல்லை. ஆனால் கையில் பேப்பர் இருக்க வேண்டும். அதற்கு வீட்டுக்கு ஒரு மஞ்சப் பையும் ஒரு லாரிக்காரரும் அவசியம்.

* * *

அப்பாவின் இடது முழங்கால் வலி அந்தக் கொல்லிமலை இறக்கத்துக்கு அப்புறம் அதிகமாகிக்கொண்டே வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஸ்டியரிங் விவகாரம் முடிந்த கையோடு வலுக்கட்டாயமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“என்ன வேலை பார்த்தீங்க ஐயா?”

“லாரிங்க. முப்பத்து நாலு வருஷம்.”

“அதான். கிளட்ச் மிதிச்ச கால். மூட்டு தேய்மானம்.”

அப்பா என் பக்கம் திரும்பினார்.

“தேய்மானமாம்டா. வாரண்ட்டியில வராது.”

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு எக்ஸ்ரே கவரை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, காரில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தக் கால் மிதித்து மிதித்துத்தான் நான் பி.காம். படித்தேன். தேய்ந்ததற்கு இதுவரை ஒரு பில்கூட எனக்கு அனுப்பியதில்லை.

வேண்டுதல் பாக்கி என்று இந்த வருஷம் தை மாதம் மறுபடி கொல்லிமலை கிளம்பினோம். இந்தத் தடவை அப்பா முன் சீட்டில், எனக்குப் பக்கத்தில். ஏற்றத்தில் நின்றால் ஹேண்ட் பிரேக். கிளம்பியதும் கிளட்சிலிருந்து கால் வெளியே. எழுபது வளைவும் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் ஓரக்கண்ணால் பார்த்தேன். அப்பாவின் இடது கால், அங்கே இல்லாத ஒரு கிளட்சை, எனக்கு அரை விநாடி முன்னால் மிதித்துக்கொண்டே வந்தது.

“அப்பா, காலை வெச்சுக்கிட்டே வராதீங்க, தேயும்” என்றேன்.

“ரோட்டைப் பாருடா” என்றார்.